நாய்க்குத் தோல் புண்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

மீட்கப்பட்ட தெருநாய்களைத் தத்துக்குப் போகும் வரை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். தோலில் ஒரு புண்ணும் இல்லாமல் வந்த நாய் குறைவு. புதிதாக நாய் வளர்ப்பவர்களும் பெரும்பாலும் இதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள். "அண்ணே, மூணு நாளா மருந்து போடுறேன், பெரிசாகிட்டேதான் போகுது" என்பார்கள்.

கேட்டுப் பார்த்தால் மருந்தில் பெரிய தப்பு இருக்காது, வரிசையில்தான் இருக்கும். நக்குவதைத் தடுக்காமல் கழுவியிருப்பார்கள். முடியை எடுக்காமல் களிம்பு பூசியிருப்பார்கள். ஈரம் காயும் முன்பே துணி சுற்றியிருப்பார்கள். சிங்கப்பூர் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் அதிகம், இரவில் இன்னும் கூடும். அந்த ஈரமும் நாயின் நாக்கும் சேர்ந்தால், மாலையில் ஐம்பது காசு அளவில் இருந்த புண் காலையில் உள்ளங்கை அளவுக்கு வந்துவிடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. புண் வருவதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டியவை

இரவு பதினொரு மணிக்கு நாய் இடுப்பைக் கடித்துக் குதறும்போது கடை தேடி ஓட முடியாது. இவற்றை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்: நாயின் கழுத்துக்குப் பொருந்தும் பிளாஸ்டிக் கோன் (புண்ணை நக்காமல் தடுக்க மாட்டுவது), சத்தம் குறைந்த டிரிம்மர், காஸ் துணி, கையுறை, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு, தண்ணீரில் கரையும் வழவழப்பு ஜெல், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசல், குளோர்ஹெக்சிடின் கலந்த நாய் ஷாம்பு, ஆசனவாயில் வைக்கும் வெப்பமானி.

பஞ்சு வேண்டாம். அதன் இழை புண்ணில் ஒட்டிக்கொண்டு பிறகு வரவே வராது. காஸ் துணியில் அந்தத் தொல்லை குறைவு.

குளோர்ஹெக்சிடின் வாங்கும்போது சீட்டைப் படியுங்கள். கைகழுவ விற்கும் நுரை வரும் திரவம் வேறு, புண்ணைக் கழுவும் கரைசல் வேறு. நுரை வருவதில் சோப்பு இருக்கிறது. திறந்த புண்ணில் பட்டால் எரியும், ஆறுவதும் தாமதமாகும்.

கோனை நாய்க்கு முன்கூட்டியே பழக்குங்கள். நாய் நன்றாக இருக்கும் நாளில் மாட்டி, சாப்பாடு கொடுத்து, ஐந்து நிமிடத்தில் கழற்றுங்கள். வலியோடு இருக்கும்போது முதல் முறையாக மாட்டினால் அது பயந்து சுவரில் மோதும், வீட்டில் உள்ளவர்கள் மனம் பொறுக்காமல் கழற்றிவிடுவார்கள். புண் பெரிதாவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான்.

2. வீட்டில் தொடவே கூடாத புண்கள்

சில புண்களை நேராக மருத்துவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். இதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால், வீட்டில் முயன்று பார்த்து நேரம் வீணாகாது.

மற்றொரு நாய் கடித்த காயம் எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும் அதே நாளில் போங்கள். மேலே இரண்டு ஓட்டைதான் தெரியும். கடித்த நாய் தலையை உலுக்கியிருந்தால் உள்ளே தோலும் சதையும் பிரிந்து ஒரு பையே உண்டாகியிருக்கும். மேல்தோல் மூடிக்கொண்டதும் உள்ளே சீழ் கட்டும்.

புழு வைத்த புண்ணும் அப்படித்தான். நம் வெயிலுக்கு ஈ முட்டையிட்ட அன்றே புழு வெளிவந்துவிடும். படுத்தே கிடக்கும் வயதான நாயின் வால் அடியிலும் காது மடல் உள்ளும் இது வரும். வழக்கத்தைவிட மோசமான நாற்றம், ஈ மொய்ப்பது, புண்ணின் நடுவில் சின்னக் குழி ஆகியவை அடையாளங்கள். மேலே தெரியும் புழுவை எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். உள்ளே இன்னும் இருக்கும்.

கண்ணை ஒட்டிய புண், ஆழமாகச் சதை தெரியும் புண், உங்கள் உள்ளங்கையைவிடப் பெரிய புண், முகம் வீங்கிய குட்டி, சாப்பிட மறுத்துச் சுருண்டு கிடக்கும் நாய் எல்லாவற்றுக்கும் உடனே மருத்துவர் வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். மனிதக் கணக்கில் பார்த்து "காய்ச்சல் அடிக்கிறதே" என்று பயப்பட வேண்டாம். ஆனால் 39.5ஐத் தாண்டினால் காத்திருக்கவும் வேண்டாம்.

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். புண்ணோடு உண்ணியும் இருந்து, ஈறு வெளிறி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உண்ணி வழியே வரும் பபேசியா போன்ற கிருமிகள் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கின்றன. அந்த நேரத்தில் தோல் புண் இரண்டாவது கவலைதான்.

நாயை எம்ஆர்டியிலும் பேருந்திலும் ஏற்ற முடியாது என்பதால் செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகைக் கார் எண் ஒன்றையும், இரவில் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனையின் எண்ணையும் தொலைபேசியில் சேமித்து வையுங்கள். உரிமம் பெற்ற விலங்கு மருத்துவமனைகளின் பட்டியலை, தேசியப் பூங்காக் கழகத்தின் (என்பார்க்ஸ்) கீழ் இயங்கும் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவான ஏவிஎஸ் இணையத்தில் வைத்திருக்கிறது.

3. நாக்கை நிறுத்துங்கள்

புண்ணைப் பார்த்ததும் கை மருந்துக்குப் போகும். போகக் கூடாது. முதலில் கோன்.

நாய் நக்கினால் புண் ஆறும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நடப்பது வேறு. நாக்கு அரம் மாதிரி மேல்தோலைத் தேய்க்கிறது, எச்சில் அந்த இடத்தை ஈரமாகவே வைக்கிறது, ஈரத்தில் கிருமி பெருகுகிறது, அரிப்பு கூடுகிறது, நாய் இன்னும் நக்குகிறது. இந்தச் சுழலை அறுக்காமல் எந்த மருந்தும் நிற்காது. பூசிய களிம்பு முழுவதும் வயிற்றுக்குத்தான் போகும்.

கோன் மூக்கைத் தாண்டி இரண்டு அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். கழுத்துப் பட்டைக்கும் தோலுக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். காற்றடைத்த வளையம் பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் பாதத்தையும் வாலையும் எட்டிவிடும். முதுகு, கழுத்துப் புண்ணுக்கு மட்டும் அது போதும்.

கோனுக்குப் பதிலாகச் சட்டை போடுவது, பாதத்துக்குக் காலுறை மாட்டுவது போன்றவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. துணிக்குள் புழுங்கி, ஈரம் உள்ளேயே நிற்கும். மேலும் நாய் துணியோடு சேர்த்து நக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் கழற்றலாம், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் பணிப்பெண்ணுக்கும் தாத்தா பாட்டிக்கும் இதைத் தெளிவாகச் சொல்லிவையுங்கள். "பாவம், கொஞ்ச நேரம் கழற்றிவிட்டேன்" என்ற பத்து நிமிடத்தில் மூன்று நாள் ஆறியது போய்விடும்.

4. படம் எடுங்கள், பிறகு உடல் முழுவதும் தேடுங்கள்

கழுவுவதற்கு முன் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு தெரியும். நாளை பெரிதாகியிருக்கிறதா என்று நினைவை நம்பிச் சொல்ல முடியாது. கழுவிய பிறகு சீழ், பொருக்கு, நிறம் எல்லாம் போய்விடுவதால், மருத்துவருக்கும் இந்தப் படம்தான் உதவும்.

அடுத்து நாயை வெளிச்சத்தில் படுக்க வைத்து, முடிக்கு எதிர்த்திசையில் விரலை ஓட்டுங்கள். காது மடல் ஓரம், காதின் உள், கண்ணைச் சுற்றி, அக்குள், வயிறு, தொடை இடுக்கு, வால் அடி, விரல் இடுக்கு என்று விடாமல் பாருங்கள். விரல் இடுக்கைப் பலர் பார்ப்பதே இல்லை. உண்ணி அங்கேதான் ஒளிந்திருக்கும். துணியில் ஒட்டிக்கொள்ளும் புல் விதையும் அங்கேதான் குத்திக்கொண்டு உள்ளே போகும்.

நன்றாகத் தெரியும் ஒரு புண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். புண் எங்கெங்கே இருக்கிறது என்பதுதான் காரணத்தைச் சொல்லும்.

5. எந்த வகைப் புண் என்று பாருங்கள்

இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்காதீர்கள். முடிவான பதில் மருத்துவரின் சோதனையில்தான் வரும். ஆனாலும் நீங்கள் கவனித்துச் சொல்லும் விவரம் அவருடைய வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

நேற்று இல்லாமல் இன்று திடீரென்று வந்த, ஈரமாகப் பளபளக்கிற, சுற்றியுள்ள முடி பசை மாதிரி ஒட்டிக்கிடக்கிற, தொட்டால் நாய் கத்துகிற சிவப்புப் புண் "ஹாட் ஸ்பாட்". கன்னம், கழுத்து, இடுப்பு இதன் இடங்கள். அடர்ந்த முடி உள்ள நாய்களுக்கு மழையில் நனைந்த பிறகும், குளித்துச் சரியாகக் காயாதபோதும் வரும். கன்னத்தில் வந்தால் காதையும் பாருங்கள். காது வலிக்காகச் சொறிந்ததில் வந்ததாக இருக்கலாம்.

வயிற்றிலும் தொடை இடுக்கிலும் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளங்களும், அவை உடைந்த இடத்தில் ஓரம் உரிந்த வட்டங்களும் இருந்தால் பாக்டீரியாத் தொற்று. நாயின் தோலில் எப்போதும் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிதான் பெரும்பாலும் காரணம். தோல் பலவீனப்படும்போது அது உள்ளே இறங்குகிறது. இந்த வட்டங்களைப் பார்த்துப் படர்தாமரை என்று நினைத்துப் பூஞ்சைக் களிம்பு வாங்கிவருபவர்கள் அதிகம்.

உண்மையான படர்தாமரையில் முடி வேரோடு விழாமல் ஒடிந்திருக்கும், வட்டமாகச் சொட்டையாகி மேலே சாம்பல் மாதிரி செதில் இருக்கும், அரிப்பு குறைவாக இருக்கும். குட்டிகளுக்கும் பூனையோடு பழகும் நாய்களுக்கும் அதிகம் வரும். மனிதருக்கும் ஒட்டும். வீட்டில் யாருக்காவது கையிலோ கழுத்திலோ வட்டமாக அரித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கு, ஊசிப்போன வாடை, அக்குளிலும் கழுத்தடியிலும் யானைத்தோல் மாதிரி கறுத்துத் தடித்த தோல் மூன்றும் சேர்ந்தால் மலசீசியா என்ற ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை) பெருகியிருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் இது சாதாரணம். நம் வீடுகளில் அதிகம் வளரும் ஷிட்சுவுக்கு மிகச் சாதாரணம்.

இடுப்பிலிருந்து வால் வரை முடி கொட்டிப் புண் இருந்தால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகியுங்கள். அந்த இடத்தைச் சீவி, விழும் கருப்புத் துகளை நனைந்த வெள்ளைத் தாளில் போடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடி போதும்.

காது மடலின் ஓரம், முழங்கை, பின்கால் முட்டியில் பொருக்கு, இரவும் பகலும் நிற்காத வெறித்தனமான அரிப்பு என்றால் சொறிப் பூச்சி. காது மடலின் ஓரத்தை இரு விரலால் தேய்த்துப் பாருங்கள். பின்கால் தானாகச் சொறியத் தொடங்கினால் சந்தேகம் வலுக்கும். இதுவும் மனிதரைக் கடிக்கும். இதற்கு நேர்மாறாக, குட்டியின் கண்ணைச் சுற்றியும் பாதத்திலும் அரிப்பே இல்லாமல் முடி கொட்டினால் அது டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி. இது நம்மை ஒட்டாது.

முழங்கையில் மட்டும் முடியில்லாமல் தடித்த சாம்பல் தோல் இருந்தால் அது காய்ப்பு. பளிங்குத் தரையில் வருடக்கணக்காகப் படுப்பதால் பெரிய நாய்களுக்கு வருகிறது. அது வெடித்துச் சீழ் வைத்தால்தான் புண். முன்கால் மணிக்கட்டில் ஒரே இடத்தை மாதக்கணக்கில் நக்கி உண்டாக்கும் தடித்த புண்ணும் உண்டு. மூட்டுவலி, தனிமை, ஒவ்வாமை எதுவும் அதன் பின்னால் இருக்கலாம். இது களிம்பில் ஆறாது.

வீட்டு வைத்தியம் முழுவதும் சரியாகச் செய்தும் மூன்று வாரத்தில் ஆறாத புண், கட்டியாகத் திரண்ட புண், வந்து வந்து போகும் வீக்கம் இவற்றில் புற்றுநோயும் இருக்கலாம். நாய்களுக்கு வரும் மாஸ்ட் செல் கட்டி பார்ப்பதற்குச் சாதாரணக் கொப்புளம் போலவே இருக்கும். ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தள்ளிப்போடாதீர்கள்.

6. முடியை எடுப்பது

ஈரமான புண்ணைச் சுற்றி முடி இருக்கும் வரை அது காயாது. சீழ் முடியில் ஊறி ஒரு மூடி மாதிரி ஆகிவிடும்.

புண்ணின் மேல் வழவழப்பு ஜெல்லை நிறையத் தடவுங்கள். வெட்டிய முடி புண்ணுக்குள் விழாமல் ஜெல்லில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழுவினால் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் புண்ணிலிருந்து முடி பொறுக்கியே அரை மணி நேரம் போகும், அது நாய்க்கும் வலி.

டிரிம்மரால் புண்ணின் ஓரத்தைத் தாண்டி, நல்ல தோல் ஒரு விரல் அகலம் தெரியும் வரை எடுங்கள். நடுவிலிருந்து தொடங்காமல் நல்ல தோலிலிருந்து உள்நோக்கி வாருங்கள். பிளேடு சூடாகிறதா என்று உங்கள் மணிக்கட்டில் வைத்து அடிக்கடி பாருங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். ஒட்டிய முடியைத் தூக்கும்போது தோலும் சேர்ந்து எழும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டி, தையல் போட அழைத்துப்போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

முடியை எடுத்ததும் புண் நினைத்ததைவிட மூன்று நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும். பயப்படாதீர்கள். நீங்கள் பெரிதாக்கவில்லை, மறைந்திருந்தது தெரிகிறது.

நாய் உறுமினால் நிறுத்திவிடுங்கள். ஹாட் ஸ்பாட் உண்மையிலேயே கடுமையாக வலிக்கும், எவ்வளவு அன்பான நாயும் கடிக்கும். மருத்துவர் மயக்கம் கொடுத்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். குரூமிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். தொற்று மற்ற நாய்க்குப் பரவலாம்.

7. கழுவுவது, அதைவிட முக்கியமாக உலர்த்துவது

எளிய கழுவுநீர் உப்புத் தண்ணீர். அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு மட்டமான டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகத் தூள் உப்பு. கண்ணீரின் உப்புக்கு அருகில் வரும், எரியாது. கூடுதலாகப் போட்டால் நன்றாகச் சுத்தமாகும் என்று இரண்டு ஸ்பூன் போடாதீர்கள்.

குளோர்ஹெக்சிடின் என்றால் திறந்த புண்ணுக்கு 0.05 சதவீதம். 2 சதவீதக் கரைசலில் 5 மில்லி எடுத்து 200 மில்லி தண்ணீரில் கலந்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். 4 சதவீதம் என்றால் அதே 5 மில்லிக்கு 400 மில்லி தண்ணீர். உப்புத் தண்ணீரில் கலக்க வேண்டாம், வீழ்படிவாகி வீணாகும். கண்ணுக்கு அருகிலும் காதுக்குள்ளும் பயன்படுத்தவே கூடாது. அயோடின் கரைசல் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், தண்ணீர் விட்டு வெளிறிய தே ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்துக்குக் கொண்டுவந்து பயன்படுத்துங்கள்.

கழுவுநீரைச் சிரிஞ்சில் எடுத்து மெதுவாகப் பீய்ச்சுங்கள். தேய்க்க வேண்டாம். பொருக்கு காய்ந்திருந்தால் நனைத்த காஸ் துணியை ஐந்து நிமிடம் மேலே வையுங்கள், தானாக இளகும். பிய்த்தால் அடியில் வளர்ந்த புதுத்தோலும் சேர்ந்து வரும்.

கழுவியதும் காஸ் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு மின்விசிறிக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம். முடி உலர்த்தியைக் குளிர்காற்றில் மட்டும் வையுங்கள். சூடான காற்று அரிப்பைக் கூட்டும், ஏற்கெனவே வெந்த தோலைச் சுடும். குளிர்சாதன அறை இருந்தால் அன்றிரவு நாயை அங்கே படுக்க விடுங்கள். அது காற்றின் ஈரத்தைக் குறைக்கும்.

ஈரமான புண்ணுக்கு முதல் இரண்டு நாள் காலை, மாலை. காயத் தொடங்கியதும் ஒரு முறை போதும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை கழுவினால் புதுத்தோல் பிடிக்க நேரம் கிடைக்காது.

பரவலான கொப்புளங்களுக்கும் ஈஸ்டுக்கும் ஷாம்புதான் நல்ல வழி. வாரம் இரண்டு முறை, நுரைத்தபின் கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். ஷாம்பு வேலை செய்யவில்லை என்று சொன்ன பலரும் இரண்டு நிமிடத்தில் அலசியவர்கள்தான். காலையிலோ மதியத்திலோ குளிப்பாட்டுங்கள். இரவில் குளித்த நாய் அடிமுடி ஈரத்தோடு தூங்கும்.

8. மருந்து

இப்போதுதான் மருந்து. காய்ந்த சின்ன ஹாட் ஸ்பாட்டுக்குப் பல நேரம் கோன், முடி எடுப்பது, கழுவுவது, உலர்த்துவது இவையே போதும். அடுத்த நாளே சிவப்பு குறைந்து மேலே மெல்லிய பொருக்கு கட்டினால் விட்டுவிடுங்கள்.

மருத்துவர் கொடுத்த களிம்பு இருந்தால் மெல்லியதாக, தோலில் படிகிற அளவு மட்டும். கெட்டியாகப் பூசினால் காற்றுப் போகாது.

நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது மஞ்சளும் தேங்காய் எண்ணெயும். அம்மா நமக்குப் பூசியது நினைவில் இருப்பதால் நம்பிக்கையோடு பூசுகிறோம். நானும் என் வீட்டுக்கு வந்த முதல் நாய்க்கு அதைத்தான் செய்தேன். எண்ணெய் ஈரத்தை உள்ளே பூட்டியது, மஞ்சள் நிறத்தில் சிவப்பு கூடியதா குறைந்ததா என்றே தெரியவில்லை, இரண்டாம் நாள் புண் முதுகில் பாதி வரை போயிருந்தது. வேப்பிலை அரைத்துப் பூசுவதும் திறந்த புண்ணில் அழுக்கைச் சேர்ப்பதுதான். காய்ந்த, புண் இல்லாத முழங்கைக் காய்ப்புக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுவதில் தவறில்லை.

கோடாலித் தைலம் கூடவே கூடாது. அதில் உள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது, நாய் நக்கினால் விஷம். டீ ட்ரீ எண்ணெயும் அப்படியே. டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் கிருமியோடு சேர்த்துப் புதுத்தோலையும் அழிக்கும்.

மனிதர் களிம்புகளில் துத்தநாகம் உள்ள டயப்பர் களிம்பு நக்கினால் இரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். சொரியாசிஸுக்குத் தரும் கால்சிபோட்ரியால் களிம்பு கொஞ்சம் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. ஸ்டீராய்டு களிம்பு அரிப்பை உடனே அடக்கும், அதனால் நல்லது போலத் தெரியும். ஆனால் படர்தாமரையும் டெமோடெக்ஸும் அதில் இன்னும் பரவும். வலிக்கு பாரசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

9. மருத்துவரிடம் போகும்போது

நாள் குறித்துவிட்டால் அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் மருந்து ஷாம்பு, களிம்பு எதுவும் வேண்டாம். தோலைச் சுரண்டியும் ஒட்டுத்தாளில் எடுத்தும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சுத்தமாகக் கழுவிக் கொண்டுபோனால் பார்க்க எதுவும் இருக்காது. கோன் மட்டும் தொடரட்டும்.

எப்போது தொடங்கியது, அரிப்பு முதலில் வந்ததா புண் முதலில் வந்ததா, கடைசியாக உண்ணி மருந்து எந்தத் தேதியில், என்னென்ன பூசினீர்கள் என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். மஞ்சள் பூசியதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். மறைத்தால்தான் கணிப்பு தவறும்.

சுரண்டிப் பார்க்காமலே மருந்து எழுதினால், "ஒரு ஸ்மியர் பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். சாதாரணச் சோதனைதான், சில நிமிட வேலை. பாக்டீரியாவா, ஈஸ்டா, இரண்டுமா என்று தெரிந்துவிடும். படர்தாமரைக்கான வளர்ப்புச் சோதனைக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் சொன்ன நாள் வரை கொடுங்கள். புண் மறைந்த நான்காம் நாளே நிறுத்துவதும், மிச்ச மாத்திரையை அடுத்த புண்ணுக்கு எடுத்துக் கொடுப்பதும் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கும். பிறகு வேலை செய்யும் மருந்து கிடைப்பதே கஷ்டம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் நாய் அதிகம் தண்ணீர் குடித்து அதிகம் சிறுநீர் கழிக்கும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் கூடுதலாக இரண்டு முறை கீழே அழைத்துப்போகத் தயாராக இருங்கள். அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

10. திரும்பி வந்தால்

ஒரே புண் மூன்று மாதத்தில் மீண்டும் வந்தால் முதல் காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதையும் வரிசையாகத் தேடுங்கள்.

முதலில் பூச்சி. நமக்குக் குளிர்காலம் இல்லாததால் உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் ஓய்வே இல்லை. நெக்ஸ்கார்ட், பிரவெக்டோ, சிம்பாரிகா மாதிரி மாத்திரைகளை இடைவெளி விடாமல் கொடுங்கள். வலிப்பு வந்த நாயாக இருந்தால் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் உள்ள நாய்ச் சொட்டுமருந்தைத் தவிர்த்துவிடுங்கள், அது பூனையைக் கொன்றுவிடும். தெள்ளுப்பூச்சியின் முட்டையும் கூட்டுப்புழுவும் நாயின் மேல் இல்லை, உங்கள் சோபாவிலும் பாயிலும் இருக்கின்றன. படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை சூடான நீரில் துவைத்து, மூன்று மாதம் விடாமல் தூசு உறிஞ்சியால் எடுங்கள். ஒரே மாதத்தில் நிறுத்தினால் கூட்டிலிருந்து அடுத்த கூட்டம் வெளிவரும்.

இரண்டாவது ஈரம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நடைக்குப் பிறகு விரல் இடுக்கையும் வயிற்றையும் துடைத்துக் காயவையுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் கடலில் விளையாடினால் நல்ல தண்ணீரில் அலசி, அங்கேயே துவட்டுங்கள். ஈரமான கழுத்துப் பட்டையை இரவில் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவதுதான் ஒவ்வாமை. பாதத்தை ஓயாமல் நக்குவது, காது அடிக்கடி கெடுவது, அக்குள் சிவப்பது, எல்லாம் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தொடங்கியது என்றால், வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சி போன்றவற்றுக்கான ஒவ்வாமை இருக்கலாம். நிறையப் பேர் எடுத்த எடுப்பில் உணவை மாற்றுகிறார்கள், மாதம் ஒரு பிராண்ட் என்று. உணவுச் சோதனை செய்வதானால் மருத்துவர் சொல்லும் ஒரே உணவை எட்டு வாரம், வேறு ஒரு துண்டு பிஸ்கட்கூட இல்லாமல் கொடுக்க வேண்டும். பாட்டி ஊட்டும் ஒரு வாய் இட்லி சாம்பாரும் அந்தக் கணக்கைக் கெடுக்கும். பூச்சியையும் ஈரத்தையும் கட்டுப்படுத்திய பிறகே அந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு.

11. கோனைக் கழற்றும் நாள்

புண் காய்ந்ததும் அல்ல. பொருக்கு தானாக உதிர்ந்து, அடியில் உலர்ந்த தோல் தெரிந்து, விரலால் தொட்டால் நாய் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும். ஹாட் ஸ்பாட்டுக்குப் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள் ஆகும். முதலில் நீங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு மணி நேரம் மட்டும் கழற்றிப் பாருங்கள். அந்த இடத்தை இரண்டு முறைக்கு மேல் நக்கப் போனால் இன்னும் இரண்டு நாள் மாட்டுங்கள். இரவில் கழற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி, ஏனென்றால் நீங்கள் தூங்கும்போதுதான் அது தன் வேலையைத் தொடங்கும்.

ஆறிய இடம் சில வாரம் கறுப்பாக இருக்கும். அது தழும்பு இல்லை, நிறமேற்றம்தான், மெல்ல மங்கும். முடி முளைக்க இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பொமரேனியன் மாதிரி அடிமுடி நிறைந்த நாய்களுக்கு, மழித்த இடத்தில் அதைவிடவும் நாளாகும். அதுவரை அந்த இடத்தை வாரம் ஒருமுறை முடியை விலக்கிப் பாருங்கள்.